ரோட்டைப் பார்த்து ஒரு லில்லி

சோளக்காடு நிறுத்தம் வந்ததும் அவர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார். யாராவது நூறு ரூபாயை நீட்டினால், "கொஞ்சம் இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் பின்படிக்கட்டில் இறங்கி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பார். முதலில் டீக்கடை வாசல். அடுத்து ரேஷன் கடையை ஒட்டிய ஓட்டு வீடு. அப்புறம் பலா மரம் நிற்கிற திருப்பம். அந்த இடங்களில் எல்லாம் அவர் கொடுத்த லில்லிக் கிழங்குகள் மண்ணுக்குள் இருந்தன. எது முளை விட்டிருக்கிறது, எது மொட்டு வைத்திருக்கிறது, எதைக் கோழி கிளறியிருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் உள்ளே வந்து நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணுவார்.

எங்கள் மலைப் பஸ்ஸின் கண்டக்டர் அவர். அடிவாரத்தில் புறப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சோளக்காடு வழியாக, குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் எங்கள் ஊர் வரை வந்து திரும்பும் பஸ். கடைசி நிறுத்தத்துக்கு நேர் எதிரே எங்கள் வீடு. நான் சோளக்காட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் அந்தப் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். அப்படித்தான் பழக்கம்.

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு புகார்தான். எங்கள் வீட்டில் சிவப்பு லில்லி உண்டு. மலையில் பாதி வீடுகளில் இருக்கும் அதே லில்லி. கோடை மழை விழுந்ததும் தண்டு விட்டு, குழாய் ஸ்பீக்கர் மாதிரி நாலு பக்கமும் பூக்கும். நான் அவற்றைத் தொட்டிகளில் வைத்து, உயரவாரியாக வரிசைப்படுத்தி, காலை வெயில் விழும்படி வீட்டுக்குக் கிழக்கே வைத்திருந்தேன். ஒரு நாள் பஸ் நின்றதும் அவர் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தத் தொட்டிகள இந்தப் பக்கம் வெச்சா என்னங்க? தெனமும் வந்து வந்து போறேன், மூஞ்சியவே காட்ட மாட்டேங்குதுங்க."

"வெயில் அந்தப் பக்கந்தானுங்க விழுகுது."

"வெயிலு எங்க வெச்சாலும் தேடி வருமுங்க. பஸ்ஸு ரோட்ட உட்டு எறங்கி வருமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் வரிசையைச் சாலையோரத்துக்கு மாற்றினேன். அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றபோது அவர் விசிலை வழக்கத்தைவிட நீளமாக ஊதினார். "என்னய்யா, மாடு குறுக்க வந்திருச்சா?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

அவருக்கென்று தோட்டம் கிடையாது. அடிவாரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் ஒரு துளசியைக்கூட மேலே ஏற்ற விடவில்லை. ஆகவே மலையில் வழி நெடுக, யார் யாருடைய வாசலிலோ, அவருடைய தோட்டம் இருந்தது. கிழங்கு கொடுப்பதற்கு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஊடு ரோட்டப் பாத்த மாதிரி இருக்குதுங்களா?" உள்ளே தள்ளி வீடு கட்டியவர்கள் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் அவரிடம் கிழங்கு பெயராது.

அவருடைய தோல் பையில் ஒரு அறையில் சில்லறை இருக்கும். இன்னொரு அறையில், செய்தித்தாளில் சுற்றி, கிழங்குகள் இருக்கும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர், ராசிபுரம் சந்தைக்குப் போகிறவர் என்று எவரிடமும் கேட்டு வாங்கிவிடுவார். ஒரு முறை பாதி மலையில் செக்கிங் ஏறினார்கள். இன்ஸ்பெக்டர் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, டூட்டியில வெங்காய யாபாரமா?"

"இல்லீங்க சார், ரெயின் லில்லிங்க. ரோஸ் கலரு. உங்க ஊட்டு முன்னாடி எந்தப் பஸ்ஸுங்க போகும்?"

"எங்க வீட்டு முன்னாடி எதுக்குய்யா பஸ் போகணும்?"

"எந்தப் பஸ்ஸுன்னு சொன்னீங்கன்னா, அதுல வர்ற நம்ம ஆளுகிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லுவனுங்க."

இன்ஸ்பெக்டர் இறங்கும்போது அவர் சட்டைப் பை கொஞ்சம் புடைத்திருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மழைக்குப் பிறகு வரும் காலைகளில் பஸ்ஸை விரட்ட முடியாது. ரெயின் லில்லி ஒரே நாளில் மொத்தமாகப் பூக்கும். சாலையின் இரண்டு ஓரமும் ரோஸ் நிறமாக இருக்கும். அவர் கேட்காமலே டிரைவர் வேகத்தைக் குறைப்பார். ஆனால் வாய் மட்டும் குறையாது. "இந்த ஆளு பூப் பாக்கறதுக்கு நான் கியர் மாத்திக்கிட்டே சாகோணும்" என்பார். அப்படி ஒரு நாள், மேலே ஒரு கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர் கத்தினார்: "பூப் பாக்கவா பஸ் உடறீங்க? முகூர்த்தம் போயிரும்யா!" கண்டக்டர் நிதானமாக வெளியே கை காட்டி, "மொய்யி எழுதறதுக்கு முன்னாடி இதையும் ஒருக்காப் பாத்துக்குங்க, பொண்ணு ஊட்டுலயும் இதேதான் பூத்திருக்குது. நான் குடுத்தது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த மனிதரும் கடைசியில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அவருடன் பழகுவது எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. தை, மாசியில் லில்லியின் இலைகள் பழுத்து உதிர்ந்து, தொட்டி வெறும் மண்ணாகக் கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். அதைப் பொறுக்க முடியாமல் யாராவது சொம்பும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டால் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கத்துவார்: "ஊத்தாதீங்க! தூங்குதுங்க!" சில நாளில் பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளும் சேர்ந்து கத்தப் பழகிவிட்டார்கள். வெறுமனே முகம் கழுவிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர்கூட அந்தக் கூச்சலில் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

பலா மரத் திருப்பத்து வீட்டுப் பெண், கிழங்கு செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டி எறிந்துவிட்டுக் கொத்தமல்லி விதைத்தாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்தப் பெண் பஸ் ஏறும்போதெல்லாம், "கொத்தமல்லி நல்லா வந்திருக்குதுங்க" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லுவார். நாலைந்து முறை கேட்டபின் அவள் அழுதேவிட்டாள். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அவரிடம் சொன்னேன். சட்டென்று முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நாள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, "கொத்தமல்லி இருக்கட்டும் கண்ணு, இது அதுக்குப் பக்கத்துலயே வரும்" என்றார்.

இத்தனை பேருக்குக் கொடுத்தவருக்குள் ஒரு ஆசை இருந்தது. வாங்கி வராத ஒரு லில்லி, இதுவரை எந்த வாசலிலும் இல்லாத ஒரு லில்லி, தான் உண்டாக்கியது என்று ஒன்று இந்தச் சாலையில் பூக்க வேண்டும்.

சோளக்காட்டு டீக்கடை அக்காவிடம் வெள்ளை லில்லி ஒன்று இருந்தது. அதுவும் அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்ததுதான். ஒரு சித்திரையில் அதுவும் எங்கள் வீட்டுச் சிவப்பும் ஒரே வாரத்தில் மொட்டு விட்டன. டீக்கடையில் பஸ் நின்ற சமயத்தில் வெள்ளை மொட்டை விரலால் மெல்லப் பிரித்து, உள்ளே இருந்த மகரந்தத் தண்டுகளைக் கிள்ளி எடுத்துவிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா பதறிப்போனாள்.

"ஏனுங்க, பூக்கறதுக்கு முன்னாடியே அதப் போயி நோண்டறீங்க!"

"அதோட பொடி அது மேலயே பட்டுறக் கூடாதுங்க. மாப்பிள்ள குண்டனி நாட்டுல இருந்து வர்றாரு."

மறுநாள் எங்கள் வாசலில் பஸ் திரும்பி நிற்கும் நேரத்தில், என் சிவப்புப் பூவின் மஞ்சள் பொடியை ஒரு பழைய டிக்கெட்டில் தட்டி எடுத்து நாலாக மடித்தார். அப்போது டிக்கெட் மெஷின் வந்து வெகு நாளாகிவிட்டது. பழைய காகித டிக்கெட்டில் மீந்த ஒரு கட்டை அவர் இதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தார். "மெசினு பேப்பரு வழவழன்னு இருக்குதுங்க. பொடி நிக்காது" என்றார். சோளக்காட்டில் இறங்கி, அந்த டிக்கெட்டின் ஓரத்தாலேயே வெள்ளைப் பூவின் நடுத்தண்டில் தடவினார். டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். "தாலி கட்டற நேரத்துல கெட்டி மேளம் வேண்டாமா பின்ன?" என்று அக்கா சொன்னாள்.

காய் பிடித்தது. முற்றி வெடித்தபோது உள்ளே கருகிய காகிதத்துண்டு போன்ற விதைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஊற வைத்து முளைத்த நாற்றுகள் புல் மாதிரித்தான் இருந்தன. அவற்றை வழியெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார். விதையிலிருந்து வருவது பூக்க மூன்று வருஷமாவது ஆகும். என்ன நிறம் வரும் என்பது அவருக்கும் தெரியாது. தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடை அக்காவிடம், வெள்ளையில் சிவப்புக் கோடு என்று சொல்லியிருந்தார். டிரைவரிடம் ரோஸ். கொத்தமல்லிப் பெண்ணிடம், வெள்ளை ஓரம் வைத்த சிவப்பு, சேலைக் கரை மாதிரி. என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஆரஞ்சாக்கூட வரலாமுங்க, எல்லாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க" என்றார். நாங்கள் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது.

நாற்றுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு வீட்டில் முள்ளம்பன்றி மரவள்ளியைத் தோண்டும்போது அதையும் சேர்த்துத் தோண்டியது. ஒரு வீட்டில் சாலையை அகலப்படுத்தியபோது மண்ணோடு போயிற்று. ஒரு வீட்டில் புல் என்றே நினைத்துப் பிடுங்கினார்கள். டிரைவர் தன் வீட்டில் வைத்திருந்தது அழுகிவிட்டது. தூங்கும்போது தண்ணீர் ஊற்றியவர் அவரேதான். மூன்றாம் வருஷத் தையில், எங்கள் வீட்டுச் சாலையோரத் தொட்டியில் இருந்தது ஒன்றுதான் மிச்சம். பஸ் திரும்பும்போது அவர் அந்தத் தொட்டியின் வெறும் மண்ணைத் தினமும் வந்து பார்ப்பார். தொட மாட்டார். பார்த்துவிட்டுப் போவார்.

அதற்குள் அவர் முழங்கால் கெட்டுவிட்டது. வளைவுக்கு வளைவு நின்றுகொண்டே உடம்பைச் சாய்த்துச் சாய்த்து வந்த கால். மலை ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிப்போவில் அவருக்காகப் பார்த்து, அடிவாரத்திலிருந்து டவுனுக்குப் போகும் சமவெளி ரூட்டைக் கொடுத்தார்கள். அவருக்கு நல்லது நினைத்துச் செய்ததுதான். அதனால் அவரால் யார் மேலும் கோபப்படக்கூட முடியவில்லை. கடைசி நாள் எங்கள் வாசலில் நின்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தச் சித்திரைக்குப் பூத்துருமுங்க அம்மிணி. கெழங்கு பருத்திருக்கும்."

"பூத்ததும் போட்டோ அனுப்பறனுங்ணா."

"ஐயோ, போட்டோ வேண்டாமுங்க! மொத மொத கண்ணாலதான் பாக்கோணும். மொட்டு வந்ததும் ஒரு போன் பண்ணுங்க. லீவு போட்டுட்டு, சன்னலோரமா குந்திக்கிட்டு, டிக்கெட் எடுத்து வாரேன்."

சித்திரையில் முதல் மழை விழுந்ததும் அந்தத் தொட்டியில் இலைக்கு முன்பே ஒரு தண்டு எழும்பியது. போன் செய்தேன். எதிர்முனையில் சந்தோஷத்தில் விசில் ஊதினார். ஆனால் லீவு கிடைக்கவில்லை. டவுனில் தேர்த் திருவிழா. ஸ்பெஷல் பஸ்கள். டிப்போ ஆள்கள் யாருக்குமே லீவு இல்லை. பூ விரிந்தால் நாலைந்து நாள்தான் நிற்கும். தினமும் சாயங்காலம் போன் வரும்.

"அம்மிணி, மொட்டு சாஞ்சிருச்சுங்களா?"

"சாஞ்சிருச்சுங்ணா. நாளைக்கு விரிஞ்சிரும்."

"நுனியில என்ன கலரு தெரி… வேண்டாம், வேண்டாம். சொல்லிப்புடாதீங்க. வெச்சர்றேன்."

மறுநாள் காலையில் விரிந்திருந்தது. இரண்டு பூ. சிவப்பு. பக்கத்துத் தொட்டிகளில் இருந்த அதே சிவப்பு. ஒரு கோடு இல்லை, கரை இல்லை. அந்த வரிசையில் இதை யாராலும் தனியே அடையாளம் சொல்ல முடியாது. பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பூவை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார். சோளக்காட்டில் செய்தி கேட்ட டீக்கடை அக்காதான் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூணு வருசம் கண்ணுல வெச்சுக் காத்துக்கிட்டிருந்தாரு. இது அப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்குதே! எப்படிங்க சொல்றது அந்த மனுசங்கிட்ட?"

"நாம சொல்ல வேண்டாமுங்க" என்றார் டிரைவர். "அவரே பாக்கட்டும். நாளைக்குக் காலையில நம்ம பஸ்ஸு கீழ போற நேரத்துல அந்தாளு பஸ்ஸும் ஸ்டாண்டுல நிக்கும். தூக்கிக்கிட்டு வாங்க."

வளைவுகளில் தண்டு ஒடிந்துவிடுமே என்றேன். "அது எம் பாடுங்க" என்றார்.

மறுநாள் மண்டிக்குச் சொல்லிவிட்டு, தொட்டியை மடியில் வைத்துச் சன்னலோரம் உட்கார்ந்தேன். சோளக்காட்டில் அக்கா, கடையைத் தன் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு ஏறினாள். தண்டைச் சுற்றித் தன் துண்டைத் தளர்வாகக் கட்டி, நுனியை அவளே பிடித்துக்கொண்டாள். வளைவுகள் தொடங்கின. அந்த டிரைவர் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், "சாயுதுங்க!" என்று குரல் கொடுத்தார், நாங்கள் இரண்டு பேரும் பூவை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தோம். வழக்கமாக வாந்தி எடுக்கிறவர்கள்கூட அன்று எடுக்கவில்லை. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்து எங்களைத் தாண்டிப் போயின. பாதி மலையிலேயே நேரமாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் வேகமாகப் போகச் சொல்லவில்லை.

நாங்கள் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது டவுன் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. எங்கள் டிரைவர் ஹாரனை அமுக்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் டீக்கடை வாசலில் அமுக்கிப் பிடித்த அதே மாதிரி, விடாமல். அந்தப் பஸ் தயங்கி நின்றது. எங்கள் பஸ் அதன் பக்கத்தில் உரசுகிற மாதிரிப் போய் நின்றது. என் சன்னலுக்கு நேரே அந்தப் பஸ்ஸின் சன்னல். அதில் உட்கார்ந்திருந்த ஆளின் தோளுக்கு மேலாக அவர் முகம் எட்டிப் பார்த்தது.

முதலில் எங்களைத்தான் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா துண்டின் நுனியை விடாமல் பிடித்திருந்தாள்.

"அட!" என்றார். "அம்மிணி ஊட்டுச் செவப்பு!"

"ஒரு கோடுகூட வரலீங்ணா" என்றேன்.

"வரலீங்களே!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. யாரோ பிறந்த குழந்தையைக் காட்டியதுபோல் அந்த ஆளின் தோளைத் தட்டி, "பாருங்க சாமி, நான் போட்டதுங்க இது, விதையில இருந்து" என்றார். அந்த ஆளும் என்னவென்று தெரியாமலே தலையாட்டினார். "என்ன கலர்ல வந்தா என்னங்க அம்மிணி. வந்திருச்சுல்ல!"

அதற்குள் அவர் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. ஒரு பழைய காகித டிக்கெட். இரண்டு சன்னல் கம்பிகளுக்கும் நடுவே கையை நீட்டினார். நான் தொட்டியைத் தூக்கி முன்னே சாய்த்தேன். பூவிலிருந்து பொடியைத் தட்டி, நாலாக மடித்து, டீக்கடை அக்காவின் கையில் வைத்தார்.

"உங்க வெள்ள பூத்திருக்குதுங்களா?"

"நேத்து விரிஞ்சுதுங்க."

"போனதும் தடவிருங்க. இன்னொரு மொட்டு இருந்தா அதப் பிரிச்சுக் கிள்ளி உட்ருங்க, நாஞ் செஞ்ச மாதிரி. உள்ளுக்குள்ள வெள்ள எங்கியோ ஒளிஞ்சிருக்குமுங்க. இந்தவாட்டி எட்டிப் பாக்கும்."

"இன்னும் மூணு வருசம் ஆகுமே! அதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிருவீங்களே" என்றாள் அக்கா.

"அப்பத்தானுங்க லீவு கேக்க வேண்டியதில்ல!"

பின்னால் நின்ற பஸ்கள் கத்தத் தொடங்கிவிட்டன. அவர் பூவை இன்னொரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, நீளமாக விசில் ஊதினார். அவருடைய பஸ் போய்விட்டது.

மலை ஏறும்போது அக்கா ஒரு கையில் துண்டின் நுனியையும் இன்னொரு கையில் அந்த டிக்கெட்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சோளக்காட்டில் இறங்கியவள் கடைக்குள்கூடப் போகாமல் நேராக வெள்ளை லில்லியிடம் போனாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ஊரில் நான் தொட்டியை இறக்கி அதன் பழைய இடத்தில் வைத்தேன். பூ இரண்டும் வீட்டைப் பார்த்து இருந்தன. ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பஸ் திரும்பிப் போகும்போது, அந்த இடத்தில் டிரைவர் கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தார்.